சாட்சிப் பல்

அப்பாவின் பல்செட்டை அவள் குழாயடியில் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேல்தகட்டின் உட்புறத்தில், அண்ணத்தோடு ஒட்டுகிற குழியில், காலையில் பாலில் ஊறவைத்துக் கொடுத்த பிஸ்கட் களிம்பு மாதிரி அப்பியிருந்தது. பிரஷ் பட்டதும் நூல்நூலாக இழுபட்டுத் தொட்டியில் விழுந்தது. வாடை மூக்கில் ஏறாமலிருக்க வாயால் மூச்சு விட்டாள். பிறகு அந்த வாடை வாய்க்குள் போகிறதே என்று வாயையும் மூடிக்கொண்டாள்.

இத்தனைக்கும் அவளுக்குத் தொழிலே இதுதான். வீட்டின் முன்னறை பல் கட்டுகிற கடை. அப்பாவின் கை நடுங்கத் தொடங்கியதும் கடை அவளிடம் வந்தது. யார் யாருடைய வாயிலோ விரலை விட்டு அளவெடுத்து, மெழுகில் பல்லை நட்டு, ரோஜா நிறத்தில் ஈறு வார்த்துக் கொடுத்திருக்கிறாள். எந்த எச்சிலும் அவளுக்குக் குமட்டியதில்லை. அவளே அளவெடுத்து அவளே செய்த இந்த ஒன்று மட்டும் தொடும்போதெல்லாம் வயிற்றைப் புரட்டியது.

"எவ்வளவு நேரம்டி தேய்ப்ப? பல்லே தேஞ்சு போயிடப்போகுது" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை. அண்ணனைக் கடைசியாகப் பார்க்க வந்தவள், அவர் போகாததால் தங்கிவிட்டாள்.

"பாஸ்டர் வர்றாராம் அத்தை. வீடியோ எடுக்கணுமாம். செட்டு போட்டிருந்தாத்தான் பேச்சு தெளிவா வரும்னு சொல்லிவிட்டிருக்கார்."

"என்ன வீடியோ?"

"கடைசிச் சாட்சியாம்."

அத்தை கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "சாட்சின்னா பாத்தவங்கதானே சொல்லணும்? செஞ்சவனே சொன்னா அதுக்குப் பேரு வாக்குமூலம்." தன் பேச்சுக்குத் தானே சிரித்தவள், அறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். கூடப் பிறந்தவன்தான், என்ன செய்ய."

அப்பாவைச் சபையில் எல்லோரும் 'சாட்சி ஐயா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய சாட்சி, பாவத்திலிருந்து ஆண்டவரிடம் திரும்பிய கதை, அவ்வளவு பேர்போனது. வேறு சபைகளிலிருந்தும் அழைப்பு வரும். கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்றால் சாட்சி ஐயாவைக் கூப்பிடு என்பார்கள்.

அந்தச் சாட்சி அவளுக்கு மனப்பாடம். எந்த இடத்தில் குரல் உடையும், எந்த இடத்தில் கைக்குட்டை வெளியே வரும் என்பதுகூடத் தெரியும். 'பிரியமானவங்களே, நான் பாவிகளில் பிரதான பாவி' என்று ஆரம்பிக்கும். குடி வரும். குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடந்த சாக்கடை வரும். ஆரம்பத்தில் அது சாக்கடை ஓரமாக இருந்தது. சொல்லச் சொல்ல அவர் சாக்கடைக்குள்ளேயே இறங்கிவிட்டார். அதன் பிறகு அந்த இரவு. சாப்பாடு ஆறியிருந்ததற்காக அம்மாவை முகத்தில் குத்தியது. முன்பல் ஒன்று தெறித்துத் தரையில் விழுந்தது. அடுத்த வாரமே ஒரு ஜெபக்கூட்டத்தின் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஆண்டவர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. கடைசியாக, மேடையில் வலது கையை உயர்த்திக் காட்டுவார். "இந்தக் கையால உடைச்சேன். இதே கையால கட்டினேன். உடைஞ்சதைக் கட்டுற தேவன் அவர்! எங்க வீட்டம்மா, எழுந்திரும்மா. எல்லாரும் பாக்கட்டும், ஒரு தடவை சிரி."

அம்மா எழுந்து நிற்பாள். சிரிப்பாள். சனம் கைதட்டும், பின்வரிசைப் பெண்கள் விசும்புவார்கள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தன் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருக்கும் அவளை யாராவது அணைத்து, "நீ எவ்வளவு பாக்கியம் பண்ணினவ" என்பார்கள். அவர்களுடைய கண்ணீர் அவள் கன்னத்தில் ஈரமாய் ஒட்டும். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவுவாள்.

அப்பா கட்டிய அந்தப் பல் நல்ல வேலைதான், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் செயற்கைப் பல்லுக்கு வயதாகாது. அம்மாவின் பற்கள் மஞ்சளடித்தன, ஈறு இறங்கியது. நடுவில் அது ஒன்று மட்டும் கல்யாண நாள் போல வெள்ளையாக நின்றது. தகடு தளர்ந்து பேசும்போது ஆடியது, சாப்பிடும்போது உறுத்தியது. கடை கைக்கு வந்த புதிதில் அவள் கேட்டாள்: "அப்பா, அம்மாவுக்கு வேற ஒண்ணு செஞ்சு தரவா? கலர் சேரலை."

"தொடாதே. அது சாட்சி" என்றார் அப்பா. "அதை மாத்துனா சாட்சியை மாத்துன மாதிரி."

"வலிக்குதாம்பா அவங்களுக்கு."

"நம்ம ஆண்டவருக்கு வலிக்கலையா?"

இன்னொரு நாள், அவளுக்குத் தைரியம் வந்த ஒரு நாள், வேறொன்று கேட்டாள்.

"நீங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களாப்பா?"

அவர் உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "அதான் ஒவ்வொரு மேடையிலயும் சொல்றேனே. அத்தனை பேர் முன்னாடி சொன்னவன் தனியா வேற சொல்லணுமா? ஆண்டவர் மன்னிச்சிட்டார். நான் விடுதலையானவன். முடிஞ்சுபோனதை நீ ஏன் தோண்டுற?"

அவர் விடுதலையானவர்தான். அதை அவளால் மறுக்க முடியவில்லை, அதுதான் அவளுக்கு ஆகாததும். அந்த மழை நாளுக்குப் பிறகு ஒரு சொட்டு குடித்ததில்லை. கையை ஓங்கியதில்லை. நிம்மதியாகத் தூங்கினார், குறட்டை விட்டார், பாடிக்கொண்டே பல்லுக்குப் பாலிஷ் போட்டார். பொய்யாக மனம் திரும்பியவராக இருந்திருந்தால் அவளால் நிம்மதியாக வெறுத்திருக்க முடியும்.

பல்செட்டை உதறிக்கொண்டு அறைக்குள் போனாள். செட்டு இல்லாத அப்பாவின் முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. மூக்கு தாடையைத் தொட வந்தது. உதட்டோரம் காய்ந்த பால். அம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

காலையிலிருந்தே இப்படித்தான். அம்மா பக்கத்தில் வந்தால் பிடித்துக்கொள்கிறார். எதையோ சொல்கிறார். "ம்ம... ப்... ஹுக்க்..." உதடு உள்வாங்கி, காற்று மட்டும் வெளியே வருகிறது.

"தண்ணியாங்க? திரும்பிப் படுக்கணுமா?"

இல்லை என்று தலையசைத்தார். மறுபடியும் அதே சத்தம். அம்மாவின் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் மேடை இல்லை.

பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். புதுச் செட்டு போட்டுப் பார்க்கும்போது வாடிக்கையாளரை 'ஐம்பத்தஞ்சு, பசு, தாத்தா' என்று சொல்லச் சொல்லுவாள் அவள். எந்த எழுத்துக்குப் பல் வேண்டும், எதற்கு உதடு போதும் என்பது கைப்பாடம். 'ம' உதட்டு எழுத்து, பல் வேண்டாம். 'ச்ச' பல்லில்லாமல் காற்றாகப் போய்விடும். அவர் சொல்லுகிற வார்த்தை 'ம'வில் ஆரம்பித்து நடுவில் காற்றாகிறது. என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அல்லது தெரிந்துவிட்டதாக அவள் மனம் துடித்தது. அவர் போவதற்குள் அம்மா காதில் அது முழுசாக விழ வேண்டும். வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு.

செட்டைப் போட்டுவிடலாம் என்று குனிந்தபோது வாசலில் மணி அடித்தது.

பாஸ்டர் அவளைவிட இளையவர். கூட இரண்டு பேர். ஒருவர் கையில் ஃபோனை நிறுத்துகிற முக்காலி. செருப்பைக் கழற்றும்போதே "ஸ்தோத்திரம் அக்கா, ஐயா எப்படி இருக்கார், பேசுறாரா?" என்று கேட்டார்.

"பேசலை."

"பேசுவார். ஆண்டவர் பேச வைப்பார்."

முக்காலியைக் கட்டிலின் காலடியில் நிறுத்தினார்கள். ஜன்னல் வெளிச்சம் போதவில்லை என்று விளக்கைப் போட்டார்கள். மருந்துப் பாட்டில்கள் தெரிகின்றன என்று ஒருவர் அவற்றைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். சிறுநீர்க் குப்பியில் கால் பட்டு, "ஐயையோ" என்று காலைத் தரைவிரிப்பில் தேய்த்துக்கொண்டார். அத்தை அதைப் பார்த்து வாயைப் பொத்தினாள்.

"அக்கா, செட்டு?"

அவள் அப்பாவின் உதட்டை விரலால் விலக்கினாள். உள்ளே நாக்கு வெண்படலம் பிடித்துக் கிடந்தது. சூடான, அழுகிய காற்று அவள் மணிக்கட்டில் பட்டது. மேல்தகட்டை ஏற்றி அழுத்தினாள். பிறகு கீழ்த்தகடு. முகம் காற்றடித்த பை போல நிமிர்ந்து, சட்டென்று சாட்சி ஐயாவின் முகமாகிவிட்டது.

"ஐயா, சபைக்கு ஒரு வார்த்தை" என்றார் பாஸ்டர்.

அப்பாவின் கண் ஃபோனைக் கண்டது. நாள் முழுக்க மூச்சுக்குத் தவித்த மனிதருக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ.

"பிரியமானவங்களே... நான் பாவிகளில்... பிரதான பாவி..."

"ஆமென்" என்றார் பாஸ்டர். ஃபோன் வைத்திருந்தவருக்கு அதற்குள் கண் கலங்கிவிட்டது.

குடி வந்தது. சாக்கடை வந்தது. இடையில் மூச்சு முட்டியது, எச்சில் தாடையில் வழிந்தது, அம்மா துணியால் ஒற்றினாள். கை மறைக்கிறது, சற்றுத் தள்ளிக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் சைகை காட்டினார்கள். குத்து வந்தது. பல் தெறித்தது. வலது கை போர்வையிலிருந்து ஒரு சாண் எழுந்து நடுங்கியது.

"...எங்க வீட்டம்மா... ஒரு தடவை... சிரி..."

அம்மா துணியை மடியில் வைத்தாள். எழுந்து நின்றாள். ஃபோன் அவள் பக்கம் திரும்பியது. சிரித்தாள். மஞ்சள் பற்களுக்கு நடுவே அந்த வெள்ளை, விளக்கொளியில் பளிச்சென்றது.

அவளுக்குத் தொண்டை வரை கசப்பு ஏறியது. அப்பாவைப் பார்த்து மட்டுமல்ல. கலங்கிய கண்ணோடு ஃபோனைக் குவித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து, 'ஆமென்' என்ற உதட்டைப் பார்த்து, சொன்னதும் எழுந்து பல்லைக் காட்டுகிற அம்மாவைப் பார்த்து, செட்டைக் கழுவிக் கொடுத்துப் போட்டும்விட்ட தன் கையைப் பார்த்து. அருவருப்பு என்ற சொல்லைப் பிரசங்கத்தில்தான் அதிகம் கேட்டிருக்கிறாள். அது நாக்கின் அடியில் இப்படிச் சுரக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து புரண்டு வந்த இருமல். கோழை மேலெழுந்து, மேல்தகட்டையும் தள்ளிக்கொண்டு போர்வையில் விழுந்தது. பச்சையும் இளஞ்சிவப்புமாக, சளிக்குள் வரிசையாகப் பற்கள்.

பாஸ்டர் ஒரு அடி பின்வாங்கினார். "கட் பண்ணிக்கலாம், பரவாயில்ல. அக்கா, கொஞ்சம் துடைச்சிட்டு... முடிவு மட்டும் வரணும், உடைஞ்சதைக் கட்டுற தேவன்னு அந்த இடம்..."

"முடிவு வந்துகிட்டுதான் இருக்கு பாஸ்டர்" என்றாள் அவள். "ஃபோனை எடுத்துட்டு முன்னாடி உக்காருங்க."

"அக்கா, சபைக்கு ஆசீர்வாதமா..."

"போங்க தம்பி" என்றாள் அத்தை. "பொண்ணு பல்லைக் கடிச்சிட்டுச் சொல்றா. கடிக்கிறதுக்கு முன்னாடி போயிடுங்க."

அவர்கள் கடையறைக்குப் போனார்கள். சற்று நேரத்தில் அங்கிருந்து தாழ்ந்த குரலில் பாட்டு கேட்டது. அவள் கதவைச் சாத்தினாள். மேல்தகட்டை எடுத்துக்கொண்டு போர்வையைச் சுருட்டி மூலையில் எறிந்தாள். கீழ்த்தகட்டையும் எடுத்துவிட்டு, அப்பாவின் வாயை ஈரத்துணியால் துடைத்து, குழாயடியில் செட்டை மறுபடியும் கழுவிக்கொண்டு வந்தாள்.

அப்பா அம்மாவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துவிட்டார். "ம்ம... ஹ்..."

"அப்பா" என்று குனிந்தாள். "இங்க யாரும் இல்ல. ஃபோன் இல்ல. நானும் அத்தையும்தான். அம்மாகிட்ட சொல்லணும்னு நினைக்கிறதைச் சொல்லுங்க. பல்லு வச்சிவிடுறேன்."

அவர் வாயைத் திறந்து கொடுத்தார், குழந்தை போல. அவள் தகடுகளை ஏற்றினாள். தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மா குனிந்தாள்.

"பிரியமானவங்களே..." என்றார் அப்பா.

அத்தை மூக்கை உறிஞ்சினாள். அழுகையா சிரிப்பா, தெரியவில்லை.

"அப்பா, மேடை இல்லப்பா. அம்மா. அம்மாகிட்ட."

அப்பாவின் கண்ணில் பயம் வந்தது. அவருக்கும் தெரிந்தது என்று அவள் நினைத்தாள். அவர் வேறெதையோ சொல்லப் பார்க்கிறார், வாய் வேறெதையோ எடுக்கிறது. இத்தனை வருஷம் ஒரே தடத்தில் ஓடிய வாய். "நான்... பாவிகளில்..." என்றது. நிறுத்தினார். மறுபடி முயன்றார். "பாவிகளில்..." கண்ணோரம் நீர் இறங்கியது. இதுவரை எந்த மேடையிலும் அவர் கண்ணீர் அந்தப் பக்கமாக, காதுக்குள், இறங்கியதில்லை.

அவள் அவர் வாய்க்குள் விரலை விட்டுத் தகடுகளைப் பிடுங்கி எடுத்தாள்.

முகம் மறுபடியும் சுருங்கியது. சாட்சி ஐயா போய்விட்டார். கிழவர் ஒருவர் கட்டிலில் கிடந்தார். அம்மாவின் மணிக்கட்டை இழுத்து, தன் வாயருகே கொண்டுபோய், அவள் புறங்கையில் உதட்டை வைத்துக்கொண்டே சொன்னார். காற்றும் எச்சிலுமான ஏதோ ஒன்று. சின்னதுதான். ஒரு தரம்தான்.

"சரி" என்றாள் அம்மா. "சரிங்க."

அவர் விடவில்லை.

"சரின்னுட்டேங்க. கேட்டுது."

விட்டார்.

முன்னறைப் பாட்டு முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அத்தைதான் முதலில் கவனித்தாள். "அண்ணா" என்று ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வாய்விட்டு அழுதாள். அவ்வளவு கிண்டல் பேசியவள் கட்டில் சட்டத்தில் நெற்றியை முட்டி முட்டி அழுதாள்.

மகள் அழவில்லை. அவள் கையில் செட்டு இருந்தது. தாடை விறைப்பதற்குள் போட வேண்டும். விறைத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. தொழில் அப்படித்தான் யோசித்தது.

"போடுடி, போடு" என்றாள் அத்தை அழுகைக்கு நடுவில். "நாலு பேர் வர்ற இடம். இப்படிப் பொக்கை வாயோடயா அனுப்புறது?"

"வேண்டாம்" என்றாள் அம்மா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

"பேசிப் பேசிக் களைச்சிட்டார். விட்டுடு, அப்படியே இருக்கட்டும்" என்றாள். பிறகு அப்பாவின் தாடையை உள்ளங்கையால் தாங்கி மூடி, துணியால் சுற்றிக் கட்டினாள்.

அத்தை முன்னறைக்குச் சொல்லப் போனாள். அவள் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். இந்த ஒன்றைக் கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

"அம்மா. என்ன சொன்னார்?"

அம்மா முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரியலடி."

"கேட்டுதுன்னீங்களே."

"விடமாட்டேன்னாரே கையை. என்னவா இருந்தாலும் சரின்னுட்டேன்." துணி நுனியை உள்ளே செருகிவிட்டு, "மாத்திரைன்னுகூடச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

'ம'வில் தொடங்கும் சொற்கள் எத்தனையோ இருந்தன. அவள் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்துக்குள் கட்டைவிரலை விட்டு, தகட்டைப் பிடித்திருக்கும் கம்பியை நெம்பி, தன் பல்லைக் கழற்றினாள். யார் முன்னாலும் அவள் அதைக் கழற்றியதில்லை. இருட்டில் கழுவி இருட்டில் மாட்டிக்கொள்வாள். எச்சில் மின்னும் அந்தச் சின்னத் தகட்டை மகளிடம் நீட்டினாள்.

"ரொம்ப ஆடுது. வேற ஒண்ணு செஞ்சு குடு."

அவள் வாங்கிக்கொண்டாள். அம்மாவின் வாய்ச் சூடு அதில் இருந்தது. அவளுக்குக் குமட்டவில்லை.

"எந்தக் கலர்லம்மா?"

"என் பல்லு என்ன கலரோ, அந்தக் கலர்ல" என்றாள் அம்மா. நடுவில் காற்றுப் போனதால் 'பல்லு' சற்றே சீழ்க்கையடித்தது.

அடக்கத்துக்குச் சனம் வந்து குவிந்தது. பாஸ்டர் பெட்டியருகில் நின்று சாட்சி ஐயாவின் சாட்சியை முழுக்கச் சொன்னார். சாக்கடையும் வந்தது, குத்தும் வந்தது. கையை உயர்த்தி, "உடைஞ்சதைக் கட்டுற தேவன்" என்ற இடத்தில் குரல் தழுதழுக்க, பழக்கத்தில் அம்மாவின் பக்கம் திரும்பினார். எல்லாத் தலைகளும் திரும்பின. அம்மா உதட்டை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தபடி இருந்தாள். அவர் காத்திருந்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். "...அவருடைய சமாதானம் அம்மாவோடு இருப்பதாக" என்று பாஸ்டர் அவசரமாக அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். ஆறடி மண்ணுக்குள் இறங்கும் பெட்டிக்குள், பொக்கை வாய் மூடி, அவளுடைய அப்பா முதல்முறையாக அந்தக் கதையைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு அவள் வீட்டைக் கழுவிவிட்டாள். அத்தை அசந்து தூங்கினாள். கடையறையில் புதுப் பல்லுக்கு மெழுகு இறுகிக்கொண்டிருந்தது. வாசலில் நாள் முழுக்கக் குவிந்து கிடந்த செருப்புகள் போய்விட்டிருந்தன. சமையலறையைத் தாண்டிப் பின்கதவைத் தாழிடப் போனாள்.

படியில் அம்மாவின் செருப்பு இருந்தது. வீட்டுக்குள் வருகிறவர்கள் கழற்றிப் போட்டால் செருப்பு உள்ளே பார்த்துக் கிடக்கும். அம்மாவுடையது இரண்டும் சேர்த்து, வெளியே பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது, காலை நுழைத்த மாத்திரத்தில் ஓடிவிடலாம் என்பது போல. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான், அப்படித்தான் இருந்தது.

"உள்ள எடுத்து வைக்கவாம்மா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றது அறையிலிருந்து அம்மாவின் குரல்.

அவள் கதவைத் தாழிடாமல் சாத்திவிட்டு வந்தாள்.